மணி ஓயும் இடம்

ரெக்லிஸ் என்று பெயரைச் சொன்னால் போதும், பிரெஞ்சு வேட்டைக்காரர்கள் நாயின் வயதைச் சொல்லிவிடுவார்கள். பிரான்சில் வம்சப் பதிவேட்டில் ஏறும் நாய்களுக்கு ஆண்டுக்கு ஓர் எழுத்து என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த ஆண்டில் பிறந்த குட்டி எந்த இனமானாலும் அந்த எழுத்தில்தான் பெயர். 2020க்கு ஆர், 2021க்கு எஸ், 2022க்கு டி. கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் ஆகிய ஆறையும் ஒதுக்கிவிட்டார்கள். மிச்சமுள்ள எழுத்துகள் ஒரு சுற்று வர இருபது வருஷம். நான் அதைப் பார்க்கப் போனது 2024 நவம்பரில். வி எழுத்தின் ஆண்டு முடிந்துகொண்டிருந்தது. ஆக, ரெக்லிஸுக்கு நாலு வயது. அதிமதுரத்தில் செய்யும் கறுப்பு மிட்டாயின் பெயர் அது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்த அந்தப் பெட்டைக்கு நன்றாகவே பொருந்தியது.

நான் அதைப் பார்க்கப் போனதற்குக் காரணம் இன்னொரு நாய். பாரீஸில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மூன்றாவது மாடியில் பிரிட்டனி நாய் ஒன்றை வளர்க்கிறது. எப்பஞோல் பிரதோன் என்பது அதன் பிரெஞ்சுப் பெயர். வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், ஐம்பது சென்டிமீட்டரைத் தொடாத உயரம், குழந்தைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் உறுமாத குணம். ஆனால் பால்கனிக் கம்பியில் புறா வந்து உட்கார்ந்தால் போச்சு. ஒரு முன்னங்காலை மடக்கி, கழுத்தை நீட்டி, மூச்சு விடுகிறதா என்று சந்தேகம் வரும்படி நிற்கும். கோப்பையில் காபி ஆறிப்போகும்வரை அது நின்றதைப் பார்த்திருக்கிறேன். புறா பறந்ததும் திரும்பி, வீட்டிலிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கும். யாரும் எதுவும் செய்யமாட்டார்கள். போய்த் தன் மெத்தையில் படுத்துக்கொள்ளும். அந்தப் பார்வைதான் எனக்கு உறுத்தியது. “இதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இதன் ஊருக்குப் போய்ப் பாருங்கள்” என்று வீட்டுக்காரம்மா குட்டி வாங்கிய இடத்தின் முகவரியைக் கொடுத்தார்.

மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கேன்காம் வரை அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து கரே என்ற ஊருக்குப் போகும் சின்ன ரயிலில் மாறவேண்டும். 1967 வரை மீட்டர் கேஜாக இருந்த தடம் அது. பிறகு அகலப்படுத்தினார்கள் என்றாலும் வளைவுகளை நிமிர்த்தவில்லை போலிருக்கிறது. காட்டுக்குள்ளும் ஆற்றோரமாகவும் நெளிந்து நெளிந்து போகிறது. சில நிறுத்தங்களில் கேட்டால்தான் நிற்கும். நடுவில் வருகிறது கலாக்.

இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். நாவுஸ் என்ற பொலிகுதிரைக்கு இங்கே சிலை வைத்திருக்கிறார்கள். பிரதோன் வண்டிக்குதிரை இனத்தை வளர்த்த ஊர்களில் இதுவும் ஒன்று. நாய்க்கும் தனியாக ஒரு சிறு காட்சியகம் உண்டு. மனிதர்களில் யாருக்குச் சிலை இருக்கிறது என்று நான் தேடவில்லை.

நாய் வளர்க்கும் பெரியவர் ஓய்வுபெற்ற கொத்தனார். எழுபதைத் தாண்டியவர். நிலையத்துக்கே வந்திருந்தார். அவர் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஈர நாயின் வாசனை. பின்னாலேயே ரெக்லிஸ். என் கால்சராய், செருப்பு, பை என்று முறையாக மோந்து முடித்தது. எங்கிருந்து வருகிறேன் என்பதெல்லாம் தெரிந்துவிட்ட மாதிரி வண்டிக்குள் ஏறிக்கொண்டது. வால் இருக்கவேண்டிய இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டை முனை. அது மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

இந்த நாயின் வரலாற்றைப் பெரியவர் சமையலறையில் உட்கார்ந்து, கோதுமைக்குப் பதில் பக்வீட் மாவில் சுட்ட கலெட்டையும் ஆப்பிள் சைடரையும் முன்னால் வைத்துக்கொண்டு சொன்னார். புரட்சிக்கு முன் பிரான்சில் வேட்டை பிரபுக்களின் உரிமை. 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு அவர்களுடைய சலுகைகள் ஒழிந்தபோது அதுவும் போயிற்று. ஆனால் உரிமை வந்தால் மட்டும் போதுமா? குதிரையும் நாய்க்கூட்டமும் வைத்துக்கொள்ள இந்தப் பக்கமான மத்திய பிரிட்டனியின் ஏழை விவசாயிக்கு வசதி ஏது. அவனுக்கு வேண்டியது ஒரே நாய். அதுவே தேடவேண்டும், அதுவே நிற்கவேண்டும், விழுந்த பறவையை அதுவே எடுத்து வரவேண்டும். தின்பது குறைவாக இருக்கவேண்டும். அடுத்தவன் நிலத்தில் திருட்டு வேட்டை ஆடும்போது சட்டென்று புதரில் மறையும் அளவுக்குச் சின்னதாகவும் இருக்கவேண்டும். கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது பெரியவர் கண்ணைச் சிமிட்டினார். இன்றைக்கும் ஐரோப்பாவில் நின்று காட்டும் நாய்களிலேயே சிறியது இதுதான். சின்ன உடம்பில் எவ்வளவு தரம் அடங்குமோ அவ்வளவும் என்பது இனக் கழகத்தின் முழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கனவான்கள் பறவை வேட்டைக்காக இங்கே வர ஆரம்பித்தார்கள். டேவிஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் கரே பக்கம் வேட்டையாடிய அனுபவத்தைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். வந்தவர்கள் தங்கள் செட்டர், பாயின்டர் நாய்களையும் கொண்டுவந்தார்கள். உள்ளூர் நாய்களோடு அவை கலந்தன. இங்கிருந்து வடமேற்கே தூரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பொந்து என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஓர் ஆங்கிலேயரின் எலுமிச்சை நிற நாய்க்கும் உள்ளூர் வேட்டைக்காரரின் பெட்டைக்கும் அங்கே பிறந்த ஈற்றில்தான் வாலில்லாத மூதாதை வந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1907இல் லூதேயாக்கில் கழகம் அமைத்தார்கள்; அடுத்த ஆண்டே இனத்தின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்டார்கள். கழகத்தின் முதல் பெயரிலேயே ‘இயற்கையான குட்டை வால்’ இருந்தது. அந்த வால் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

மறுநாள் காலையில் மழை என்று சொல்லமுடியாத ஒரு மழை. விழுவது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஐந்து நிமிஷத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும். பெரியவர் எனக்கு ரப்பர் பூட்ஸும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேலங்கியும் தந்தார். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. ரெக்லிஸின் கழுத்தில், நம்மூர் ஆட்டுக்குட்டிகளுக்குக் கட்டுகிற அளவில் ஒரு மணி.

இந்தப் பக்கத்து நிலம் சமவெளி அல்ல. வயலுக்கு வயல் ஆளுயர மண்கரை எழுப்பி, அதன்மேல் ஓக், செஸ்ட்நட் மரங்களை வளர்த்திருக்கிறார்கள். அறுபதுகளில் நிலங்களை ஒன்றுசேர்க்கும் அரசுத் திட்டத்தில் டிராக்டருக்கு வழிவிட ஏராளமான கரைகளை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியவற்றைப் பெரியவர் பேர் சொல்லி அடையாளம் காட்டினார். கரையைத் தாண்டினால் காடு. இடுப்பளவு பழுப்புப் பெரணி, முள் நிறைந்த ஹாலி, கீழே ஊறிய சருகு. இதற்குள் இறங்கிய ஐந்தாவது நொடி நாய் கண்ணில் இல்லை. மணி மட்டும் கேட்கிறது.

கொஞ்ச நேரத்தில் அந்த மணியைக் கேட்கப் பழகிவிட்டேன். விட்டு விட்டு, சீரான தாளத்தில் ஒலித்தால் குட்டைப் பாய்ச்சலில் ஓடுகிறது. உருண்டு ஓடுவது போன்ற அந்தப் பாய்ச்சல் இந்த இனத்துக்கே உரியது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று காற்றை வெட்டிக்கொண்டு வளைந்து வளைந்து தேடும். மூக்கு தரையில் இல்லை, தலை உயர்ந்திருக்கிறது. தடத்தை அல்ல, காற்றில் மிதந்து வரும் வாசனையைத் தேடுகிறது. அவ்வப்போது பெரணியை விலக்கிக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நாம் எந்தப் பக்கம் திரும்பினோம் என்று பார்த்துவிட்டு மறுபடி மறையும். பெரியவர் கூப்பிடவே இல்லை. அவர் திசை மாறினால் மணியும் திசை மாறியது. முதலில் நாய் எங்களை இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்தேன். பிறகு நாங்கள்தான் அதை இழுக்கிறோமோ என்று தோன்றியது. காலை முழுவதும் எனக்குத் தீராத சந்தேகம் இது. எனக்கு அந்த நடையில் மிகவும் பிடித்ததும் இதுதான்.

மணி நின்றது.

பெரியவர் கையை உயர்த்தினார். இனிமேல்தான் வேலை. ஓசை கடைசியாக எங்கிருந்து வந்தது என்று நினைவில் வைத்து, அந்த இடத்தைத் தேடிப் போகவேண்டும். இப்போதெல்லாம் பலரும் மின்னணுக் கருவி கட்டுகிறார்கள். நாய் நின்றதும் அது கூவி அழைக்கும். பெரியவருக்கு அது பிடிக்காது. எனக்கும் பிடிக்காது என்றே நினைக்கிறேன், காட்டுக்குள் பஸ் பின்னோக்கி வருகிற சத்தம் எதற்கு.

ஒரு சாய்ந்த மரத்தின் அடியில் நின்றிருந்தது. பாரீஸ் பால்கனியில் கண்ட அதே நிலை. ஆனால் அதே நாயா என்று கேட்கும்படி வேறாக இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. நாசித்துளைகள் மட்டும் விரிந்து சுருங்கின. மீசை முடிகளில் மழைத்துளி கோத்து நின்றது, உதறவில்லை. காலையிலிருந்து ஓயாமல் ஆடிய வால் முனை அசையவில்லை. பின்தொடையில் மட்டும் தோலுக்கடியில் ஒரு நடுக்கம் ஓடி ஓடி அடங்கியது. அதன் கண் எதையும் பார்க்கவில்லை. முன்னால் பத்தடி தூரத்தில் சருகுகள்தான் இருந்தன.

இரையைத் தேடுவது, கண்டுகொள்வது, பதுங்கி நெருங்குவது, பாய்வது, கடிப்பது என்று ஓநாயின் வேட்டை வரிசையாக வரும். பாய்வதற்கு முந்திய அந்த ஒரு கணத் தயக்கத்தை மனிதன் பிடித்துக்கொண்டு, நிற்கும் குட்டிகளையே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து நீட்டியிருக்கிறான். சில மாதக் குட்டியே கயிற்றில் கட்டிய இறகுக்கு முன் விறைத்து நிற்கும். “அது கண்ணால் நிற்பது. அதை வைத்துக் குட்டியை மதிப்பிடமாட்டேன். மூக்கால் நிற்கவேண்டும்” என்று முந்தின இரவு பெரியவர் சொல்லியிருந்தார். நம்முடைய சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் நேர் எதிர்க் கோடியில் இருப்பவை. அவை முயலைக் கண்ணால் கண்டு, ஓடி மடக்கும். முடிவு நாயின் காலில் இருக்கிறது. இங்கே நாய் பாதியில் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை மனிதனிடம் விட்டுவிடுகிறது. அவன் வந்து சேராவிட்டால் அந்த வேலைக்கு முடிவே கிடையாது. பால்கனி நாய் ஏன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது என்பது எனக்கு அந்த மரத்தடியில்தான் விளங்கியது.

ரெக்லிஸ் மெல்ல இளகியது. வயிறு சருகில் உரச, நாலைந்து அடி ஊர்ந்து போய் மறுபடி விறைத்தது. பறவை நடந்து நழுவுகிறது என்று அர்த்தம். பெரியவர் சுற்றி வளைத்துப் போனார். ஹாலிப் புதரின் மறுபக்கமிருந்து படபடவென்று ஒரு பழுப்புருவம் எழுந்து, மரங்களுக்கிடையே திருகித் திருகிப் பறந்தது. வெடி தீர்ந்தது. பறவை போய்விட்டது. ரெக்லிஸ் அது மறைந்த திசையைப் பார்த்தது, பிறகு பெரியவரைப் பார்த்தது. “தெரியும், தெரியும்” என்று முணுமுணுத்தார் அவர்.

உச்சிப்பொழுதுக்கு முன் இன்னொரு தடவை மணி நின்றது. இம்முறை குறி தப்பவில்லை. நாய் பறவையை வாயில் கொண்டுவந்து கையில் கொடுத்தது. இறகு ஒன்றுகூடக் கலையவில்லை. பெரியவர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டு முதலில் செய்தது, பறவையின் காலில் அடையாளப் பட்டியை ஒட்டி, குறிப்பேட்டில் எழுதியது. நாடு முழுவதும் ஒரு வேட்டைக்காரருக்கு ஒரு பருவத்தில் முப்பது பறவைதான். எழுதாமல் இடத்தைவிட்டு நகர்ந்தால் அபராதம். பிடித்ததை விற்கவும் கூடாது.

இந்தப் பறவையைப் பெக்காஸ் என்பார்கள், ஆங்கிலத்தில் வுட்காக். நம் வயல்களுக்கு வரும் உள்ளானின் உறவு, ஆனால் காட்டுவாசி. முந்நூறு கிராம் எடை, விரல் நீள மூக்கு, உதிர்ந்த இலையைப் பார்த்து வரைந்தது போன்ற முதுகு. கண் இரண்டும் மண்டையின் பின்பக்கமாகத் தள்ளி அமைந்திருப்பதால் தலையைத் திருப்பாமலே முன்னும் பின்னும் தெரியும். பகலில் காட்டில் பதுங்கி, இரவில் மேய்ச்சல் நிலத்துக்கு வந்து மண்புழு தின்னும். ரஷ்யாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் தரை உறைய ஆரம்பித்தால் புழு கிடைக்காது. அதனால் கடல்காற்றில் மண் உறையாத பிரிட்டனிக்கு வந்துவிடுகிறது. இதே பறவை இமயத்திலும் கூடுகட்டுகிறது, குளிர்காலத்தில் நீலகிரிச் சோலைக்காடுகள் வரை இறங்கி வருகிறது. ஊட்டியில் இருந்த வெள்ளைக்காரர்கள் அங்கேயும் அதை விட்டுவைக்கவில்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது நம்பாமல் இரண்டு முறை கேட்டார். பிறகு சிறகின் விளிம்பில் இருந்து ஊசிமுனை போன்ற ஒரு சின்ன இறகைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தார். நுண்ணோவியக்காரர்கள் தூரிகையாக வைத்துக்கொண்டது அதைத்தான். வெட்டிய சிறகு ஒன்றை வேட்டைக்காரர் சங்கத்துக்கு அனுப்புவார்களாம். இறகு உதிர்ந்து முளைத்திருக்கும் விதத்தைப் பார்த்து, அந்த வருஷத்துக் குஞ்சா முதிர்ந்ததா என்று கணக்கெடுக்கிறார்கள்.

அந்தப் பறவையை அவர்கள் குடலோடு சமைப்பார்கள், ரொட்டியில் தடவித் தின்பார்கள். இதற்கு மேல் எழுதினால் என் வீட்டில் யாரும் படிக்கமாட்டார்கள்.

மாலையில் நாயின் மறுபக்கம். அடுப்படிக்குப் பக்கத்தில் கோணி விரித்து, பெரியவரின் மனைவி அதன் காது மயிரில் ஒட்டியிருந்த முட்காய்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. காலையில் காட்டைக் கலக்கிய நாயா இது என்றிருந்தது. அதன் மனசு எவ்வளவு மெல்லியது என்பதையும் பார்த்தேன். ஈர பூட்ஸோடு உள்ளே வந்ததற்காக அந்த அம்மா கணவரிடம் குரலை உயர்த்தினார். ரெக்லிஸ் எழுந்து மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. திட்டு தனக்கில்லை என்று அதற்குப் புரியவைக்க ஒரு துண்டு வெண்ணெய் செலவாயிற்று. இந்த இனத்தை அடித்துப் பழக்கமுடியாது என்று பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருமுறை கடுமையாக நடந்துகொண்டால் பறவையின் வாசனை வந்தாலும் நிற்காமல் காலடியில் வந்து ஒண்டிக்கொள்ளுமாம்.

வால் கதை. 1907இல் கழகத்தார் எல்லாக் குட்டியும் குட்டை வாலோடு பிறக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பது மரபியல் வந்தபின்தான் தெரிந்தது. குட்டை வாலுக்கான மாற்றம் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தால் வால் குறையும். இருவரிடமிருந்தும் வந்தால் கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். ஆகவே குட்டை வாலோடு பிறக்கும் ஒவ்வொன்றும் நீள வாலுக்கான மரபையும் சுமந்துதான் ஆகவேண்டும். எந்தக் கழகம் எத்தனை விதி எழுதினாலும் அடுத்த ஈற்றில் நீள வால் வரும். பிறகு நறுக்குவதை அனுமதித்தார்கள், இப்போது நீள வாலும் ஏற்புடையது. ரெக்லிஸ் இயற்கையாகவே அப்படிப் பிறந்தது என்பதில் பெரியவருக்கு ஒரு சின்னப் பெருமை.

நிறத்திலும் இப்படி ஒரு கூத்து. கறுப்பு வெள்ளை நாய்களை பிரெஞ்சுக்காரர்களே 1956இல்தான் ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்கா இந்த இனத்தை 1934இலேயே பதிவில் சேர்த்துவிட்டது; அமெரிக்கன் கென்னல் கிளப்பின் கண்காட்சியில் கறுப்பு இன்றும் தகுதியிழப்பு. அங்கே குதிரைமேல் மனிதன் பின்தொடரும் அளவுக்கு வெகுதூரம் ஓடும் நாய்களாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். பதுங்கிய பறவையைக் கிளப்பிவிடும் ஸ்பானியல் வகையல்ல இது, நின்று காட்டும் வகை என்பதால் 1982இல் பெயரிலிருந்து ‘ஸ்பானியலை’யும் நீக்கிவிட்டார்கள். அது மட்டும் சரியான காரியம் என்று பெரியவர் ஒப்புக்கொண்டார்.

எட்டு மணி இருக்கும், தொலைபேசி அடித்தது. பெரியவரின் இன்னொரு பெட்டை வசந்தத்தில் ஈன இருக்கிறது. அடுத்த வருஷம் எழுத்துச் சுற்று மறுபடி ஏயிலிருந்து ஆரம்பம். கூப்பிட்டவர் ரென் நகரத்து இளைஞர், வேட்டைக்காரர் அல்ல, வீட்டில் துணைக்கு ஒரு குட்டி வேண்டுமாம். நான் பாரீஸ் பால்கனியை நினைத்துக்கொண்டு, மறுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. எங்கே நடப்பாய், மழையில் நடப்பாயா, தினமும் எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கேட்டார். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. பிறகு தன் பங்குக்கு மிரட்டினார்: முடி கொட்டும், சேற்றோடு சோபாவில் ஏறும், மைதானத்தில் காடை வாசனை வந்தால் நீ கூப்பிடுவது காதில் விழாது, அது நின்றால் நீ போய்ச் சேரும்வரை நின்றுகொண்டே இருக்கும், கட்டாயம் போகவேண்டும்.

மறுமுனையில் ஏதோ பேசினார்கள். பெரியவர் கேட்டுக்கொண்டே சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பென்சிலால் வட்டமிட்டார். குட்டியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம், முதலில் ரெக்லிஸோடு ஒரு காலை நடக்க வரட்டும் என்று சொன்னார்.

“காலையில் எட்டு மணிக்கு” என்றார் என்னிடம். “பூட்ஸ் இல்லாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.”